ஒவ்வொருவராகக் கேட்ட ஊர்

ஹாமில்டன் நகரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து கடக்க அரை மணி நேரம்கூட ஆகாது. பெர்முடாவின் தலைநகரம் அது. நகராட்சி எல்லைக்குள் அதன் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அந்த எல்லைக்குள் குடியிருப்பவர்கள் ஆயிரம் பேருக்கும் குறைவு. காலையில் படகிலும் பேருந்திலும் ஸ்கூட்டரிலும் வந்து நிறைகிறவர்கள், மாலையில் தீவின் மற்ற மூலைகளுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சுற்றிலும் அட்லாண்டிக் கடல். மிக அருகிலுள்ள நிலம் அமெரிக்காவின் ஹாட்டராஸ் முனை. அதுவே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவு.

இவ்வளவு சிறிய ஊரில் இவ்வளவு பணம் எப்படிச் சேர்ந்தது என்ற கேள்வி, போகிற எவருக்கும் முதல் நாளே வந்துவிடும். துறைமுகத்தை ஒட்டி ஓடும் ஃப்ரன்ட் ஸ்ட்ரீட்டில் கட்டடங்கள் இளஞ்சிவப்பும் மஞ்சளும் வெளிர்பச்சையுமாக வரிசையாக நிற்கின்றன. மேல்மாடிகளில் நீண்ட தாழ்வாரங்கள். கோட்டும் டையும் முழங்காலுக்கு மேல் நிற்கும் அரைக்கால் சட்டையும் நீண்ட காலுறையும் அணிந்த ஆண்கள் அலுவலகத்துக்கு விரைகிறார்கள். அந்த உடை அங்கே விளையாட்டு இல்லை. அதுதான் முறையான அலுவலக உடை. பின்தெருக்களில் நடந்தால் வாசல் பலகைகளில் திரும்பத் திரும்ப ஒரே தொழில்தான் கண்ணில் படும்: காப்பீடு, மறுகாப்பீடு.

வீட்டுக்கும் கப்பலுக்கும் தொழிற்சாலைக்கும் காப்பீடு கொடுக்கும் நிறுவனங்கள், தாங்கள் ஏற்ற ஆபத்தில் ஒரு பங்கை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைப்பதுதான் மறுகாப்பீடு. ஒரு புயலில் ஒரே நாளில் லட்சம் வீடுகள் போனால் தனி நிறுவனம் தாங்காது. பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி ஃப்ளோரிடாவைத் தாக்கியபோது அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் சில நொடித்தே போயின. அடுத்த ஆண்டுக்குள் பெர்முடாவில் புதிய மறுகாப்பீட்டு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் மற்றோர் அலை. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் இன்னோர் அலை. உலகின் பேரிடர்கள் ஒவ்வொன்றும் இந்தச் சின்ன ஊரில் ஒரு புதிய பெயர்ப்பலகையாக வந்து தொங்கியிருக்கின்றன. தனிமனிதர் வருமானத்துக்கு அங்கே வரி இல்லை. அரசாங்கம் சம்பளப் பட்டியல் மீதான வரியாலும் இறக்குமதித் தீர்வையாலும் நடக்கிறது. பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்கு மட்டும் 2025 முதல் 15 சதவீத வரி வந்திருக்கிறது. தீவில் விளைவது கொஞ்சம், மற்றதெல்லாம் கப்பலில் தீர்வை கட்டி வருவது. ஆகவே, ஒரு கட்டுக் கீரை வாங்கவும் யோசிக்கத்தான் வேண்டும்.

பணக்கார ஊர்களைப் பார்த்து வியப்பதில் எனக்கு நாட்டம் இல்லை. ஆனால் ஹாமில்டன் என்னை வேறு விதத்தில் பிடித்து நிறுத்தியது. அதற்குக் காரணம் அதன் கூரைகள்.

பெர்முடாவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மலையிலிருந்து இறங்கும் ஓடை எதுவும் இல்லை. நானூறு ஆண்டுகளாக அந்த மக்கள் குடித்து வாழ்ந்தது பெரும்பாலும் தங்கள் கூரையில் விழுந்த மழையைத்தான். சுண்ணாம்புக் கல்லைப் பலகைகளாக அறுத்து, படிப்படியாக அடுக்கிக் கூரை வேய்கிறார்கள். மேலே வெள்ளை பூசுகிறார்கள். படிகளில் விழும் மழை வேகம் தணிந்து, ஓரத்து வாய்க்கால் வழியாக வீட்டுக்கு அடியிலுள்ள தொட்டிக்குள் இறங்குகிறது. சூறாவளியிலும் அந்தக் கனத்த கூரை எளிதில் பறப்பதில்லை. புதிதாக வீடு கட்டுகிறவர் கூரையில் நீர் பிடித்துத் தொட்டியில் சேர்த்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இன்று கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் தண்ணீர் லாரிகளும் உண்டு. ஆனாலும் வறட்சி நீளும்போது தொட்டியின் அளவைப் பார்த்துக்கொண்டு குளியலைச் சுருக்குவது அங்கே செல்வர் வீட்டிலும் உள்ள பழக்கம்.

கோடிக்கணக்கான டாலர் பெறும் மாளிகையும் ஓட்டுநரின் இரண்டு அறை வீடும் ஒரே வெள்ளைக் கூரையை அணிந்திருப்பதை அங்கே காணலாம். இரண்டுக்கும் மேலிருந்து வருவது ஒரே மழை. இரண்டு வீட்டாரும் தங்கள் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள். பெருநகரங்களில் நாம் குழாயைத் திறக்கிறோம், தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது, நின்றால் யாரையோ திட்டுகிறோம். பெர்முடாவிலோ கணக்கு வீடு வீடாக நடக்கிறது. எதையும் ஒன்று ஒன்றாக எண்ணும் ஊர் அது.

மனிதர்களையும் அப்படித்தான். அங்கே ஒரு கடைக்குள் நுழைந்ததும் முதலில் காலை வணக்கம் சொல்ல வேண்டும். பேருந்தில் ஏறினால் ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும். காத்திருப்போர் அறைக்குள் நுழைந்தால் உட்கார்ந்திருக்கும் அனைவருக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டும். வணக்கம் சொல்லாமல் நேரே விலையைக் கேட்கிறவருக்குப் பதில் வராது. அல்லது மிக மெதுவாக, அழுத்தமாக, கடைக்காரரே ‘காலை வணக்கம்’ என்று சொல்லி, நமது வாயிலிருந்து அது திரும்பி வரும்வரை காத்திருப்பார். எனக்கு அது பிடித்திருந்தது. பொருளைப் பற்றிப் பேசும் முன் எதிரே ஓர் ஆள் நிற்கிறார் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும் என்பது எவ்வளவு நியாயமான கட்டளை!

இந்த வழக்கத்தை வாழ்நாள் பணியாகவே செய்த ஒருவரை அந்தத் தீவு முழுவதும் அறியும். ஜானி பார்ன்ஸ் என்பது அவர் பெயர். கிழக்கிலிருந்து ஹாமில்டனுக்குள் நுழையும் சாலையில் க்ரோ லேன் என்ற ரவுண்டானா இருக்கிறது. வேலை நாட்களில் விடியுமுன்னே அங்கே வந்து நின்று, கடந்துபோகும் ஒவ்வொரு வண்டிக்கும் கையசைத்து, உங்களை நேசிக்கிறேன் என்று உரக்கச் சொல்வார். சுமார் முப்பது ஆண்டுகள் இதைச் செய்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே 1998இல் அவருக்கு ஆளுயரச் சிலை வைத்தார்கள். 2016இல் தம் 93ஆம் வயதில் காலமானார். ஊர் சின்னதாக இருந்ததால்தான் இது நடந்தது என்று நினைக்கிறேன். வாகனங்கள் எண்ண முடியாத அளவுக்கு ஓடும் நகரில் அவர் கை ஓய்ந்திருக்கும். அதைவிட முக்கியம், ஓட்டிப் போகிறவர்கள் அவருக்குத் தெரிந்த முகங்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் நின்றுவிட்டால், சின்ன ஊர் நல்ல ஊர் என்ற இனிப்பான முடிவுக்கு வந்துவிடலாம். ஃப்ரன்ட் ஸ்ட்ரீட்டின் பழைய கதைகள் அதற்கு இடம் தருவதில்லை.

பெர்முடாவில் ஆதிக்குடிகள் என்று யாரும் இருந்ததில்லை. 1609இல் வர்ஜீனியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘சீ வெஞ்சர்’ என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் சிக்கிப் பாறையில் மோதியது. அதில் வந்தவர்கள் கரையேறியதிலிருந்துதான் அந்தத் தீவின் குடியேற்ற வரலாறு தொடங்குகிறது. இன்று ஹாமில்டன் நகர மண்டபத்தின் உச்சியில் காற்றுத் திசை காட்டியாக நிற்பது அந்தக் கப்பலின் உருவம். அதன் பிறகு வந்தவர்களில் இரண்டு வகை. விரும்பி வந்தவர்கள் ஒரு வகை. பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள் மற்றொரு வகை. 1616இலேயே முத்துக்குளிக்க என்று ஒரு கறுப்பினத்தவரையும் ஓர் அமெரிக்கப் பழங்குடியையும் கொண்டுவந்தார்கள். முத்து கிடைக்கவில்லை. ஆனால் அடிமைகளைக் கொண்டுவரும் வழக்கம் நிலைத்துவிட்டது.

மேரி பிரின்ஸ் 1788ஆம் ஆண்டை ஒட்டி பெர்முடாவில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். அவருடைய வாழ்க்கைக் கதை 1831இல் லண்டனில் நூலாக வெளிவந்தது. ஒரு கறுப்பினப் பெண்ணின் வாழ்க்கை வரலாறாகப் பிரிட்டனில் வெளிவந்த முதல் நூல் அதுதான். ஆங்கிலேயரின் மனச்சாட்சியை உலுக்கிய நூல்களில் ஒன்று. அதில் அவர் சொல்லும் மிகக் கொடிய நாள்களில் ஒன்று நடந்தது இந்த ஹாமில்டன் சந்தையில். மேரிக்கு அப்போது சுமார் பன்னிரண்டு வயது. தாயே மகள்களை உடுத்தி அழைத்துவர வேண்டியிருந்தது. ஏலக்காரர் சிறுமியைத் தெரு நடுவே நிறுத்தி எல்லாருக்கும் தெரியும்படி மெல்லத் திருப்பிக் காட்டினார். சுற்றி நின்ற ஆண்கள் தொட்டுப் பார்த்தார்கள், அளந்தார்கள், அவள் காதுபடவே அவளைப் பற்றிப் பேசினார்கள். 57 பவுனுக்கு ஏலம் முடிந்தது. தங்கைகள் வேறு வேறு ஆட்களிடம் போனார்கள்.

அந்தத் தெருவில் நடக்கும்போது எனக்குள் ஒன்று புரண்டது. மேரியையும் ஒன்று ஒன்றாகத்தான் எண்ணினார்கள். கூட்டத்தில் ஒருத்தியாக அவள் மறைந்துபோகவில்லை. அவளுடைய பல், கை, நிறம், உயரம் எல்லாவற்றையும் மிக அருகில் நின்று பார்த்தார்கள். பெயரும் தெரியும், தாயும் தெரியும், வாங்கியவரும் விற்றவரும் ஒருவரையொருவர் அறிந்த சின்ன ஊர்க்காரர்கள். அருகில் இருப்பதும் முகம் அறிந்திருப்பதும் ஒருவரை மனிதராக நடத்துவதற்குப் போதாது என்பதை அந்தச் சந்தைத் தெரு எனக்குச் சொன்னது. அன்று அத்தனை பேர் அவளைப் பார்த்தார்கள். ஒருவரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை.

மேரியின் நூல் வெளிவந்து நான்கு ஆண்டுகளுக்குள் அதே ஊரில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. ஹாமில்டனைப் பற்றி நான் யாரிடமாவது ஒன்றே ஒன்று சொல்ல முடியும் என்றால், இதைத்தான் சொல்வேன்.

1835 பிப்ரவரியில் ‘என்டர்பிரைஸ்’ என்ற அமெரிக்கக் கப்பல் ஹாமில்டன் துறைமுகத்துக்குள் நுழைந்தது. வாஷிங்டன் பக்கத்திலிருந்து தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்குப் போக வேண்டிய கப்பல். புயல் அதைத் திசைமாற்றிவிட்டது, உணவு தீர்ந்துவிட்டது. சரக்குப் பட்டியலில் இல்லாத ஒன்று உள்ளே இருந்தது: 78 அடிமைகள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள். சாதாரண நாளாக இருந்தால் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு கப்பல் போயிருக்கும். ஆனால் முந்தைய ஆண்டு, 1834 ஆகஸ்ட் 1ஆம் தேதி, பெர்முடாவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்திருந்தது. மற்ற பல காலனிகளில் விடுதலை பெற்றவர்களைப் ‘பயிற்சித் தொழிலாளர்’ என்ற பெயரில் சில ஆண்டுகள் கட்டி வைத்தார்கள். பெர்முடா அந்த இடைக்காலமும் வேண்டாம் என்று ஒரே நாளில் முடித்துவிட்டது.

கப்பலில் மனிதர்கள் அடைபட்டிருக்கிறார்கள் என்ற செய்தி ஊருக்குள் பரவியது. சின்ன ஊரில் எதுவும் மறையாது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் தங்களுக்குள் நடத்திவந்த ஒரு நட்புச் சங்கம் செயலில் இறங்கியது. அதன் தலைவர் ரிச்சர்ட் டக்கர் நீதிமன்றத்துக்குப் போய் ஆட்கொணர்வு ஆணை பெற்றார். ஆறு மாதத்துக்கு முன்வரை சட்டத்தின் கண்ணில் சொத்தாக இருந்தவர்கள் அந்த ஊரில் எத்தனையோ பேர். அவர்கள் சமூகம் அதே சட்டத்தின் கதவைத் தட்டி, இன்னும் சொத்தாகவே எண்ணப்படும் அயலூர்க்காரர்களை வெளியே கொண்டுவரச் சொன்னது. இதைவிட அழகான அரசியல் செயல் ஒன்று எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

பிப்ரவரி 18ஆம் தேதி இரவு நீதிமன்றத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. தலைமை நீதிபதி, கப்பலில் வந்தவர்களை ஒவ்வொருவராக முன்னே அழைத்தார். நீ இங்கே சுதந்திரமான ஆளாக இருக்கலாம். அல்லது விரும்பினால் கப்பலிலேயே போகலாம். எது உன் விருப்பம் என்று கேட்டார். மொத்தமாக ஒரு தீர்ப்பு எழுதி, 78 பேரையும் ஒரே வரியில் விடுவித்திருக்கலாம். வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். நீதிமன்றம் அப்படிச் செய்யவில்லை. நள்ளிரவை நெருங்கும்வரை அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது. ஒவ்வொரு முறையும் வேறொருவர் அதற்குப் பதில் சொன்னார்.

அந்த மனிதர்களின் இடத்தில் நின்று யோசித்துப் பார்க்கிறேன். பிறந்ததிலிருந்து அவர்களிடம் கேள்விகள் கேட்கப்பட்டிருக்கும். வேலையை முடித்தாயா, எங்கே போனாய், ஏன் தாமதம். உனக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியை, அதிகாரத்தில் இருந்த ஒருவர் வாயிலிருந்து அவர்கள் அன்றுதான் கேட்டிருப்பார்கள். விடுதலை என்பது விலங்கை உடைப்பது என்று நாம் சிலை வடித்திருக்கிறோம், பாட்டு எழுதியிருக்கிறோம். அதற்கு ஒரு கணம் முன்பாகவே விடுதலை தொடங்கிவிடுகிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது: ஒருவரை நேருக்கு நேர் பார்த்து, உன் விருப்பம் என்ன என்று கேட்டு, பதில் வரும்வரை வாய்மூடிக் காத்திருக்கும் அந்தக் கணத்தில்.

72 பேர் இங்கேயே இருக்கிறோம் என்றார்கள். அவர்கள் இரவு தங்க, நகரத் தலைவர் தம்முடைய காலியான கிடங்கு ஒன்றைக் கொடுத்தார். அவர்களுக்காகப் பணமும் திரட்டப்பட்டது. ஊரில் வேலை தேடிக்கொண்டு, தீவின் மக்களோடு கலந்து, அவர்கள் பெர்முடாக்காரர்களாகவே ஆகிவிட்டார்கள்.

ஒரு பெண் மட்டும் மறுத்தாள். மடில்டா ரிட்ஜ்லி என்பது பெயர். ஐந்து குழந்தைகளோடு அவள் கப்பலுக்கே திரும்பினாள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 72 என்ற எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் மனம் மடில்டாவிடமே போய் நிற்கிறது. கடலுக்கு அப்பால் அவளுக்காகக் கணவன் இருந்திருக்கலாம், தாய் இருந்திருக்கலாம், முன்பே விற்கப்பட்டு அதே சார்ல்ஸ்டன் பக்கம் போய்விட்ட இன்னொரு பிள்ளை இருந்திருக்கலாம். முகம் தெரியாத தீவில் ஐந்து குழந்தைகளோடு நிற்பதை நினைத்துப் பயந்திருக்கலாம். ஐந்து குழந்தைகளும் தாயின் ஒரு சொல்லால் அடிமைத்தனத்துக்குத் திரும்பினார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அவர்களை யாரும் கேட்டிருக்க முடியாது, அவ்வளவு சிறியவர்கள்.

ஆனாலும் அந்த நீதிமன்றத்தை உண்மையில் சோதித்தது அவளுடைய பதில்தான். எதிர்பார்த்த பதிலை 72 தடவை பெறுவது கடினம் இல்லை. எதிர்பாராத பதில் வந்தபோதும் அதை ஏற்றார்கள். உனக்கு எது நல்லது என்று எங்களுக்குத் தெரியும் என்று சொல்லி அவளைப் பிடித்து வைக்கவில்லை. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் கேட்கப்படும் கேள்விக்குக் கேள்வி என்ற பெயரே பொருந்தாது. மடில்டா இல்லை என்று சொல்லிவிட்டுப் போக முடிந்ததால்தான், மற்றவர்கள் சொன்ன ஆம் அவர்களுடைய சொந்தச் சொல்லாக நிற்கிறது.

கேட்டதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. அடிமைகளை இழந்ததற்கு அமெரிக்கத் தரப்பு ஆண்டுக்கணக்கில் இழப்பீடு கோரியது. கடைசியில் 1855இல், இரு நாட்டு வழக்குகளையும் தீர்க்க அமைத்த ஆணையம் பிரிட்டன் பணம் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது. அந்தப் பணம் போனது காப்பீட்டு நிறுவனங்களுக்கு. கப்பலில் இருந்த மனிதர்கள் சரக்காகக் காப்பீடு செய்யப்பட்டிருந்தார்கள்; சரக்கு சேரவில்லை என்று உரிமையாளர்களுக்குத் தொகை கொடுத்திருந்த நிறுவனங்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டன.

பார்ஸ் பே பூங்காவில் அந்தக் கப்பலின் நினைவாக ஒரு வெண்கலச் சிற்பம் நிற்கிறது. உலகத்துப் புயல்களுக்கெல்லாம் விலை குறிக்கும் அலுவலகங்கள் அங்கிருந்து சில நிமிட நடைத் தொலைவில் இருக்கின்றன. காப்பீடு என்ற தொழிலையே பழிக்க எனக்கு மனம் வரவில்லை. புயலில் வீடு இழந்தவர் மறுபடி கட்டுவதற்குப் பணம் வேண்டும். அதைப் பல கைகள் பங்கிட்டுக் கொள்வது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தத் தொழில் பெருந்தொகைகளில் சிந்திக்கிறது. லட்சம் வீடுகள், ஆயிரம் கோடி இழப்பு, நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் காற்று. அந்தக் கணக்கில் மடில்டாவுக்கு இடமில்லை. அவளுக்கு இடம் இருந்தது பக்கத்து நீதிமன்றத்தில் மட்டும்தான். ஒரே ஊரில் இரண்டு வகைக் கணக்கும் அடுத்தடுத்து இருப்பது அதை மறக்க முடியாததாக்குகிறது.

ஒருமுறை கேட்டுவிட்டதால் ஊர் திருந்திவிடவில்லை. 1920களின் தொடக்கத்தில் கப்பல் நிறுவனம் ஒன்று தீவின் கிழக்குப் பகுதியில் டக்கர்ஸ் டவுன் என்ற இடத்தைச் செல்வந்தச் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கேட்டது. அங்கே பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள் தோட்டம் போட்டும் மீன் பிடித்தும் தேவாலயமும் பள்ளியும் வைத்தும் வாழ்ந்தன. அவர்கள் வேண்டாம் என்று மனு கொடுத்தார்கள். சட்டசபை நிலத்தைக் கட்டாயமாக விலைக்கு எடுக்கச் சட்டம் போட்டது. போக மறுத்தவர்களைப் பலவந்தமாக வெளியேற்றினார்கள். அவர்களுடைய வயல்கள் கோல்ஃப் மைதானமாயின. தீவிலேயே விலை உயர்ந்த நிலங்களில் இன்று அதுவும் ஒன்று. அவர்கள் சொன்ன இல்லையை ஒருவரும் காதில் வாங்கவில்லை. இப்படி நிலம் இழந்த கதைகளை விசாரிக்க 2019இல்தான் ஓர் ஆணையம் அமைந்தது. பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் வந்து சாட்சி சொன்னார்கள்.

ஹாமில்டன் திரையரங்குகளில் 1959 வரை வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி இருக்கைகள். அந்த ஆண்டு ஜூனில் தங்கள் பெயரைக்கூட வெளியிடாத ஒரு சிறு குழு, இரவோடு இரவாகச் சுவரொட்டி ஒட்டித் திரையரங்குகளைப் புறக்கணிக்கச் சொன்னது. மக்கள் சீட்டு வாங்க மறுத்துத் தெருவில் நின்றார்கள். இரண்டே வாரங்களில் தடுப்பு விழுந்தது. அதைத் தொடர்ந்து உணவகங்களும் விடுதிகளும் எல்லாருக்கும் கதவைத் திறந்தன. நிலம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் வாக்கு, பிறகு அவர்களுக்குக் கூடுதல் வாக்கு என்றெல்லாம் இருந்த முறை ஒழிந்து, வயது வந்த ஆளுக்கு ஒரு வாக்கு என்ற அடிப்படையில் முதல் தேர்தல் நடந்தது 1968இல். 1620லிருந்து சட்டசபை உள்ள தீவு, எல்லாரையும் சமமாகக் கேட்க அத்தனை காலம் எடுத்துக்கொண்டது.

1995இல் மிகப் பெரிய கேள்வி வந்தது. பிரிட்டனை விட்டு விலகித் தனி நாடாக வேண்டுமா? ஃபீலிக்ஸ் சூறாவளி குறுக்கிட்டதால் ஒரு நாள் தள்ளி, ஆகஸ்ட் 16ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். விடுதலையை முன்மொழிந்த பிரதமர் ஜான் ஸ்வான் பதவி விலகினார். காலனி ஆட்சியை எதிர்த்து வளர்ந்த என் போன்றோருக்கு அந்த முடிவு முதலில் உறுத்தத்தான் செய்யும். மடில்டாவை அறிந்த பிறகு என்னால் அதை எள்ளி ஒதுக்க முடியவில்லை. அவர்கள் கேட்கப்பட்டார்கள். தங்கள் பதிலைச் சொன்னார்கள். அந்தப் பதிலால் ஒரு பிரதமர் வீட்டுக்குப் போனார். ஐக்கிய நாடுகள் சபையின் தன்னாட்சி பெறாத பகுதிகள் பட்டியலில் பெர்முடா இன்னும் இருக்கிறது. ஆகவே அந்தக் கேள்வி மூடப்பட்டுவிடவும் இல்லை.

இப்போது அங்கே சூடாக இருப்பது வேறொரு வாதம். விடுதிகளிலும் சமையலறைகளிலும் தோட்டங்களிலும் மருத்துவமனைகளிலும் கணக்கு அலுவலகங்களிலும் வேலை செய்ய வெளிநாட்டவர்கள் வந்து, சிலர் பத்து இருபது ஆண்டுகளாக அங்கேயே வாழ்கிறார்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்து பள்ளிக்குப் போகிறார்கள். வாக்குரிமை இல்லை. நீண்ட காலம் இருந்தவர்களுக்கு உரிமை தர 2016இல் அரசு ஒரு மசோதா கொண்டுவந்தபோது, ஹாமில்டனில் சட்டசபைக் கட்டடத்தைச் சுற்றி மக்கள் கைகோத்து நின்று உறுப்பினர்களை உள்ளே போகவிடாமல் தடுத்தார்கள். தடுத்தவர்களிடம் நியாயம் இருந்தது: கறுப்பினத்தவரின் வாக்கு வலிமையைக் குறைக்க வெள்ளையரைக் குடியேற்றிய பழைய நாள்கள் அவர்கள் குடும்ப நினைவில் இருக்கின்றன, எங்களைக் கேட்காமல் எங்கள் மக்கள்தொகைக் கணக்கை மாற்றாதீர்கள் என்றார்கள். வந்து வாழ்ந்து வேரூன்றியவர்களிடமும் நியாயம் இருக்கிறது. கடையில் காலை வணக்கம் சொல்லி வரவேற்கப்படும் அதே மனிதர், தான் வாழும் ஊரைப் பற்றிய எந்த வாக்கெடுப்பிலும் வரிசையில் நிற்க முடியாது. அடுத்த முறை தீவு தன்னைத்தானே ஒரு பெரிய கேள்வி கேட்டுக்கொள்ளும்போது யார் யார் பெயர் சொல்லி அழைக்கப்படுவார்கள் என்பதை அந்த மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் சண்டையிட்டுக் கொண்டாலும் அந்தக் கேள்வியை இன்னும் கைவிடவில்லை.